உடும்பு வைத்த கல்

உடும்பு என்று அவருக்குப் பெயர் வைத்தது மச்சான்தான். குகைக்குள் ஒரு பிளவு கண்ணில் பட்டுவிட்டால் அதை விட்டு வரமாட்டார். அகலம் போதாவிட்டால் மூச்சை முழுக்க வெளியே விட்டு, நெஞ்சைச் சுருக்கிக்கொண்டு நுழைவார். குகைக் குழுவில் தொடங்கிய பெயர் வேலை செய்த இடத்துக்கும் வந்து சேர்ந்தது. "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உடும்பைக் கூப்பிடு" என்பார்கள்.

வாரம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். லீவு கிடைத்தால் குகை. இரண்டுமே இருட்டில் கயிற்றை நம்பித் தொங்குகிற வேலைதான், லிஃப்டில் சம்பளம் தருகிறார்கள் என்பார்.

ஒரு முறை மலைக்கடியில் வெள்ளம் புகுந்துவிட்டது. ஒரு பாறைத் திட்டின் மேல் வௌவால்களோடு உட்கார்ந்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகு வீடு வந்தார். மனைவி கதவைத் திறந்து, "செருப்பை வெளியவே விடுங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள். பனிக் குகை ஒன்றில் ஒரு கால் விரலை இழந்தார். யாரும் பார்த்திராத பெரிய கூடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மனைவி பெயரையே வைத்தார்.

"இருட்டு, ஈரம், வௌவால் நாத்தம். இதுக்கு என் பேரா? நல்லா இருக்கு உங்க அன்பு" என்றாள் அவள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

இந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் அவளுடைய அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். உடும்பு அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து மச்சான் பேசினார்.

குழுவில் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. புது வழியைக் கண்டவன் ஏதாவது காரணத்தால் உள்ளே போக முடியாமல் திரும்பினால், அதன் வாயில் மூன்று கல்லை வரிசையாக வைத்துவிட்டு வரலாம். அவன் போகும்வரை, அல்லது 'நீ போ' என்று அவனே சொல்லும்வரை, அந்தக் கல்லை வேறு யாரும் தொடக்கூடாது. கல் வைத்துவிட்டுச் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வழிகள் இன்றும் யாரும் போகாமல் கிடக்கின்றன. கல்லைத் தாண்டியவனோடு ஒருவரும் கயிற்றில் இறங்கமாட்டார்கள்.

உடும்பு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கல் வைத்தார். மலைக்கு அடியில் வெகு ஆழத்தில், ஒரு பாறையைப் புரட்டியதும் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. உள்ளேயிருந்து காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் என்னவோ சத்தம். தண்ணீர் ஓடுகிற சத்தம் என்று அவருக்குத் தோன்றியது. தலையை உள்ளே விட்டார். அப்போதுதான் கீழே மச்சான் விழுந்தார்.

"மாப்ளே! கால் போச்சு மாப்ளே!"

உடும்பு தலையை வெளியே எடுத்தார். மூன்று கல்லைத் தேடித் துளையின் வாயில் வைத்தார். இறங்கிப் போய் மச்சானை முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

"என்னைத் தூக்கிக்கிட்டு ஏறுறியே, இனிமே உன்னைக் கிண்டல் பண்ணவே முடியாதா மாப்ளே?"

"வாயை மூடு மச்சான், கனக்குது."

கணுக்கால் கோணலாகவே கூடியது. அதற்குப் பிறகு மச்சான் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

காலுக்குக் கட்டுப் பிரித்த சில மாதங்களில் உடும்பின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. அவளைத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் உடும்புதான். குகைப் பக்கமே போகவில்லை. அவள் படுத்திருந்த இரும்புக் கட்டிலுக்கு எதிரே அந்த மலையின் வரைபடத்தை ஒட்டிவைத்தார். வரைபடத்தில் அந்தத் துளைக்கு அப்பால் வெற்றுத் தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மச்சான் வருவார். தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி பேசுவார்.

"ஆறு ஓடுது மாப்ளே. எனக்குச் சந்தேகமே இல்ல. கரையெல்லாம் வெள்ளை மணல். நீ போற அன்னைக்கு ஒரு படகைச் சுருட்டி முதுகுல கட்டிக்கிட்டுப் போ."

மனைவி கோணிய வாயோடு சிரிப்பாள். உடும்புக்கு அந்த வாரம் முழுவதும் அது போதும். அவளுக்குச் சோறு ஊட்டும்போதும், ராத்திரி புரட்டிப் போடும்போதும், அந்த ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பார். லிஃப்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பழைய ஆட்கள் குழுவிலிருந்து விலகிப் புதியவர்கள் சேர்ந்தார்கள். கல் அங்கேயே இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு உறுதி.

போன வருடம் மனைவி இறந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு உடும்பு சொன்னார், "மச்சான், நான் போறேன்."

"எங்க?"

"கல்லுக்கு."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வயசுல எதுக்கு மாப்ளே? முட்டி ரெண்டும் பட்டாசு மாதிரி வெடிக்குது உனக்கு."

"முட்டியாலயா போகப்போறேன்? வயித்தால ஊர்ந்துதானே."

"அங்க ஒண்ணும் இல்லாம போச்சுன்னா?"

"நீதானே ஆறுன்னு சொன்னே."

மச்சான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தங்கை போன துக்கம் என்று உடும்பு எடுத்துக்கொண்டார்.

குழுவிலிருந்து பல் டாக்டர் ஒருத்தி துணைக்கு வந்தாள். சின்ன வயசு, கை உறுதி, அனாவசியமாகப் பேசமாட்டாள். மச்சானும் மலைவரை வந்தார். குகை வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மெதுவா போ மாப்ளே" என்றார். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

கயிற்றில் இறங்கி, நீரில் நடந்து, வயிற்றால் ஊர்ந்து போனார்கள். உடும்பின் உடம்பு வழியை மறக்கவில்லை. மூன்று கல்லும் வரிசையாக இருந்தன. பல் டாக்டர் சட்டப்படி பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"போங்க சார். நான் இங்கயே இருக்கேன்."

அவர் கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். எடுத்தால்தான் உள்ளே தவழ முடியும். தவழ்ந்தார். துளை அகன்று, நிமிர்ந்து நிற்க இடம் வந்தது. விளக்கொளியைத் தரையில் அடித்தார்.

சேற்றில் பூட்ஸ் தடம் இருந்தது.

குகைச் சேறு தடத்தை அழிக்காது. மழையும் காற்றும் இல்லாத இடம். தடத்தின் மேல் சுண்ணாம்பு மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது. அப்படிப் படிய வருடங்கள் ஆகும். வலது கால் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு இழுத்திருந்தது.

உடும்பு அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். வழி ஒரு தடவை வளைந்தது. அதற்குமேல் சுவர். ஆறு இல்லை. மேலே விரல் நுழையாத வெடிப்பு ஒன்றிலிருந்து காற்று வந்தது. சுவரிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரடியில், கால் வலித்து ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது.

அவரும் உட்கார்ந்தார், அந்தப் பள்ளத்துக்கு எதிரே.

தாண்டியதைக்கூட மன்னித்துவிடலாம். ஆசை யாருக்கும் வரும். அந்தக் காலோடு தனியாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்றால் ஆசை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும். ஆனால் திரும்பிப் போகும்போது கல்லை எடுத்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து உட்கார்ந்து வெள்ளை மணல் என்றான். படகைச் சுருட்டிக்கொண்டு போ என்றான். சாகக் கிடந்தவளும் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"சார், வரலாமா?"

"வா."

அவள் வந்தாள். தரையைப் பார்த்தாள். காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்த ஆளை அவளும்தான் பார்த்திருந்தாள்.

"குழுவுல சொல்லணுமா சார்?"

"வேண்டாம்."

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மச்சான் எழுந்து நின்றார். பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன மாப்ளே, போனியா?"

"போனேன்."

"ஆறு?"

உடும்பு ஹெல்மெட்டைக் கழற்றினார். "இருக்கு" என்றார்.

தேநீர் மூடியைத் தாண்டி வழிந்து மச்சானின் கையில் பட்டது. அவர் கையை உதறவில்லை.

"என்னது?"

"ஆறு. பெருசு. எதிர்க்கரைக்கு விளக்கு எட்டல."

பல் டாக்டர் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். உடும்பு காத்திருந்தார். பொய் சொல்லாதே மாப்ளே, அங்கே சுவர்தான் இருக்கிறது, நான் பார்த்தேன். மச்சான் வாயிலிருந்து இந்த ஒரு வாக்கியம் வந்தால் போதும். திட்டலாம், சட்டையைப் பிடித்து உலுக்கலாம், அப்புறம் அந்தத் தேநீரைக் குடிக்கலாம்.

"மணல்கூட இருக்கு மச்சான். வெள்ளையா."

மச்சான் குகை வாசலைப் பார்த்தார். பல் டாக்டரின் முதுகைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மாப்ளே! நீதான் நம்பாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டிருந்தே."

தேநீரை நீட்டினார். உடும்பு வாங்கவில்லை. வண்டியில் மச்சானுக்குப் பக்கத்தில் அவருக்கென்று இடம் இருந்தது. அவர் பின்கதவைத் திறந்து ஏறி, சேறு சொட்டும் கயிற்று மூட்டைகளை நகர்த்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.