மேரிராணி வண்டியின் இடது பிரேக் லைட்

பிரேக் லைட்டைக் கண்டுபிடித்த ஆள் குறும்பு பிடித்தவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். மிதிக்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர். எரிகிறதா இல்லையா என்று தெரிய, பின்னால் நிற்கிறவரின் வாயை நம்பித்தான் ஆக வேண்டும். எவர் வாயையும் நம்பாத மேரிராணிக்கு அந்த விளக்கு கெட்டுப்போனது.

குருபரப்பள்ளியிலிருந்து ஓசூரில் ஒரு கம்பெனிக்கு முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிப்போகும் கார் அவளுடையது. அந்த ரோட்டில் ஷிப்ட் வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான் என்பதால், அவளை முந்துவதை ஒவ்வொருவனும் கடமையாகவே செய்வான். முந்த முடியாத இரண்டு பேர் இந்த வருஷம் பின்னால் வந்து இடித்தும் பார்த்துவிட்டார்கள். இடித்தவர்களில் ஒருவன் இறங்கி வந்து, லேடீஸ் வண்டி ஓட்டினால் இப்படித்தான் என்று அவளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி முனிசாமி, கண்ணாடி வைத்த கோலை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தார். பிறகு பிரேக் அடிக்கச் சொன்னார். வலது பக்கம் சிவப்பாக எரிந்தது. இடது பக்கம் பிரேக் லைட் வரவில்லை. அதற்குப் பதிலாக இண்டிகேட்டர் மஞ்சளாக மினுங்கியது. நிற்கப் போகிற வண்டி, இடது பக்கம் திரும்பப் போவதாகப் புரளி கிளப்பியது.

சனிக்கிழமை சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன். அதற்குள் சரியாகாவிட்டால் ட்ரிப் வேறு வண்டிக்குப் போய்விடும் என்றார் முனிசாமி. ட்ரிப் போனால் மேரிராணி பழையபடி தையல் யூனிட்டுக்குப் போய், பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கேட்டு நிற்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

இதற்குள் இரும்பு ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்தது. அதன் பின் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கேட் மரியாதையாகத் திறந்தது.

"அண்ணே, அதுக்கு லைட்டு?"

"அது மெட்டீரியல் வண்டிம்மா. உள்ள போகலன்னா லைன் நின்னுடும்."

"என் வண்டியில இருக்கறவங்க போகலன்னா நிக்காதா?"

முனிசாமி கோலில் இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதல் மெக்கானிக் பல்பை மாற்றினான். இரண்டாமவன், பல்பை மாற்றியவன் முட்டாள் என்று சொல்லி பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சை மாற்றினான். சுவிட்ச் போயிருந்தால் வலது பக்கம் மட்டும் எப்படி எரியும் என்று கேட்டதற்கு, அக்கா டென்ஷன் ஆகாதீங்க என்றான். டென்ஷன் ஆகாதே என்று சொல்லப்பட்டதும் அவள் ஆன டென்ஷன் சூளகிரி வரை கேட்டிருக்கும். மூன்றாமவர் ராமப்பன். மனுஷர்களோடு தமிழில் பேசுவார், வண்டிகளைத் தெலுங்கில் திட்டுவார். இரண்டு பேரையும் முட்டாளாக்கிவிட்டு, மொத்த ஒயரிங்கையும் பிரிக்க வேண்டும், வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போ என்றார்.

ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, புருஷன் மெல்வினைப் பின்னால் நிற்க வைத்துப் பிரேக்கை மிதித்தாள். மெல்வின் கிரானைட் பாலிஷ் போடுகிறவன். சண்டை என்றால் கல்லைவிட அமைதியாகிவிடுவான். ஒவ்வொரு தடவையும், எரியுது என்றான். மறுநாள் காலை, ஷிப்டுக்கு ஏறவந்த வினிதா பின்னால் போய்ப் பார்த்து, "இல்லக்கா, அதே மஞ்ச லைட்டுதான்" என்பாள். எரியாததை எரியுது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டால், எரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு என்பான் மெல்வின். அந்த வீட்டில் இதுவரை எதுவும் கெட்டுப்போனதில்லை, அவன் கணக்கில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவனையும் நம்பாமல் அவளே டிக்கியில் தலையை விட்டாள். ஓரத்து அட்டையைப் பிய்த்து, இடது விளக்கின் பின்பக்கம் கையை நுழைத்தாள். பிசுபிசு என்று ஏதோ ஒட்டியது. இழுத்தாள். நூல் சுற்றிய காகிதப் பொட்டலம். மேலே புனித அந்தோணியார் படம். உள்ளே இருந்த உப்பு மழைக்காலத்தில் கசிந்து, எர்த் ஒயரைப் பச்சை பூக்க வைத்திருந்தது. எர்த் கிடைக்காத கரண்ட் பக்கத்து இண்டிகேட்டர் வழியாக ஓடியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலில் மந்திரித்த உப்பு வாங்கி வருகிற ஆள் வீட்டில் ஒருத்தன்தான். பொட்டலத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீதானே சொன்ன," என்றான் மெல்வின். "பின்னாடி எவனும் இடிக்காம இருக்க ஒரு வழி பாருங்கன்னு."

"இரும்புக் கம்பி மாட்டச் சொன்னேங்க."

"கம்பி மாட்டுனா அவன் வண்டி நசுங்கும். உப்பு வச்சா அவன் புத்தி மாறும்னு நெனச்சேன்."

"அவன் புத்தி மாறறதுக்கு, நான் நிக்கறது மொதல்ல அவனுக்குத் தெரியணும்ல?"

மெல்வின் யோசித்தான். யோசிக்கிற அந்த முகம்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. டூல்ஸ் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து ஒயர் முனையைத் தேய்த்தாள். மெல்வின்மேல் இருந்த கோபத்தில் பாதி ஒயர்மேல் போனது. செம்பு பளபளத்தது. ஒயரைத் திருகி இறுக்கிவிட்டு, இந்தத் தடவை மெல்வினைக் கூப்பிடவில்லை. வண்டியின் பின்பக்கத்தைச் சர்ச் மதில் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளையடித்த மதிலில் இரண்டு சிவப்பு வட்டம்.

சனிக்கிழமை முனிசாமி ஒருமுறைக்கு மூன்றுமுறை பிரேக் அடிக்கச் சொன்னார். அடித்தாள். "இதை முன்னமே பண்ணியிருக்கலாம்ல," என்று ஸ்டிக்கரை ஒட்டினார். ட்ரிப் அவளுடையதே. பின்னால் அதே லாரி, அதே சிவப்புத் துணியோடு ஹாரன் அடித்தது. வழிவிடச் சொல்லி முனிசாமி அவளையே விரட்டினார்.

மந்திரித்த உப்பைக் குப்பையில் போடக்கூடாது. வீட்டில் மீதியிருந்த இன்னொரு பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் முழுசாகக் கொட்டினாள். மெல்வின் ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு," என்றான் மெல்வின்.

மேரிராணி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.