கூரைக்கு மேல் நிற்கும் தண்ணீர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெறாமகள் எழுதுகிறாள். என் பேச்சை எப்படியும் திருத்தட்டும். நானும் மகளும் போனில் கதைத்ததில் மட்டும் ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மகள் நோர்வேயில் இருக்கிறாள். காற்றில் கலந்திருக்கும் ஈரத்தை அளப்பது அவளுடைய வேலை. உடுப்பிட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் அதற்கென்று ஒரு மெசின் பூட்டியிருக்கிறாள். ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் கவிழ்த்த வெள்ளைக் கோப்பை, அவ்வளவுதான். வானத்தில் சுற்றிப் போனுக்கு வழி காட்டுகிற செய்மதிகள் அனுப்பும் சிக்னலை அது பிடிக்கும். காற்றில் ஈரம் கூடினால் சிக்னல் வந்து சேரக் கொஞ்சம் பிந்துமாம். அந்தப் பிந்தலை வைத்து, மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாரியில் மகள் பள்ளிக்கூடம் விட்டுப் பிந்தி வந்தால், ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் என்று நான் கேட்காமலே அறிந்துகொள்வேன். அதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மெசின் பூட்ட அவள் வந்து போன பிறகுதான் பேத்தி பிறந்தாள். இப்போது ஓடித் திரிகிறாள். நான் இன்னும் தொட்டதில்லை. போனுக்குள் "அம்மம்மா" என்று கத்திக்கொண்டு கன்னத்தைக் கொண்டுவந்து முட்டுவாள். நானும் முட்டுவேன். எனக்குக் கிடைப்பது கண்ணாடியின் சூடுதான். "மெசின் பழுதெண்டால் நான் வரவேணும், அப்ப பிள்ளையையும் கொண்டு வாறன்" என்று மகள் சொல்லியிருந்தாள். பாழாய்ப்போன மெசின் ஒருநாளும் பழுதாகவில்லை.

சித்திரையில் வேப்பம்பூ வடகம் போட்டேன், அவளுக்கு அனுப்பத்தான். முற்றத்தில் காயவைத்தால் கோழி, மாடியில் காயவைத்தால் காகம். அலுமினியத் தட்டங்களை மெசினைச் சுற்றிப் பரப்பினேன். கம்பம் வசதியாக நின்றது. அதில் கயிறு கட்டிப் பளபளக்கும் தகரத் துண்டுகளைத் தொங்கவிட்டேன். ஒரு காகமும் அண்டவில்லை. எனக்குப் பெரிய புளுகம், தனியே நின்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு வேலை நாள் மத்தியானம் மகளின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவள் கதைப்பதில்லை.

"அம்மா, உங்கை மழை இருட்டோ?"

"எங்கத்தை மழை? வெயில் கொளுத்துது."

"அப்ப மெசினுக்கு ஏதோ நடந்திட்டுது. தண்ணிக் கணக்கெல்லாம் குழம்பிக் கிடக்கு. நான் நேரை வந்துதான் பாக்கவேணும். லீவு கேக்கப் போறன். பிள்ளையும் வருவாள்."

எந்த அறையை ஒதுக்குவது, குழந்தைக்கு உறைப்பு ஆகாதே, பாலுக்கு யாரிடம் சொல்வது என்று மனம் ஓடியது. அந்த நேரம் பார்த்து மேலே தகரம் கிலுகிலுத்தது. காரியம் விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வருவாள். ஆனால் இரவு பகலாக அவள் கண் முழித்துச் செய்கிற வேலை. அதைக் குழப்பிப் பிள்ளையை வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை, மேலை வடகம் காயுது" என்றேன்.

"எங்கை?"

"மெசினுக்குப் பக்கத்திலை, தட்டத்திலை. காகத்துக்குத் தகரமும் கட்டியிருக்கு."

"எதிலை கட்டினனீங்கள்?"

"வேறை எதிலை? உன்ரை கம்பத்திலைதான்."

"ஐயோ அம்மா! தகரத்திலை பட்டுத் தெறிக்கிறதையும் சேத்தெல்லோ அது பிடிக்குது! உந்த முழங்காலோடை ஆர் உங்களை மேலை ஏறச் சொன்னது?"

"நீ இஞ்சை இருந்தால் நீ ஏறியிருப்பாய்."

சிரித்தாள்.

"அப்ப லீவு தேவையில்லை, என்ன?" என்று நானே கேட்டேன்.

"ஓம் அம்மா" என்றாள் மெதுவாக.

எல்லாவற்றையும் அவிழ்த்துக் கீழே கொண்டுவந்தேன். கணக்குச் சரியாகிவிட்டதாம்.

பிறகொரு பின்னேரம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டத் தொடங்கியது. உடனே போன்.

"அம்மா, மழையோ?"

"உனக்குத்தானே எல்லாம் தெரியும். பேந்து ஏன் கேக்கிறாய்?"

"தண்ணி கூடினது தெரியும். சத்தம் தெரியாது. போனை வெளியிலை பிடியுங்கோவன்."

கையை வெளியே நீட்டினேன். கிணற்றடி வாழைகளில் மழை இரைந்தது. ஏதும் சொல்கிறாளோ என்று இடைக்கிடை காதில் வைத்துப் பார்த்தேன். பேத்தியை "உஸ்" என்று அடக்குவது மட்டும் கேட்டது. திரும்பவும் நீட்டினேன்.