கோப்பாய் மண்ணில் நிக்கல்

என்னுடைய அப்பா மண் அவிக்கும் வேலைக்காக மடகஸ்காருக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அங்கே மலையெல்லாம் சிவப்பு மண்ணாம். அதற்குள் நிக்கலும் கொஞ்சம் கோபால்ட்டும் இரும்போடு கலந்து கிடக்குமாம். அரித்தாலும் அகப்படாது, உருக்கினாலும் லேசில் பிரியாது. பெரிய இரும்புக் கலத்துக்குள் மண்ணையும் அமிலத்தையும் விட்டு, ஆவி போகாமல் இறுக்கி மூடி அவிக்க வேண்டும். நிக்கல் கரைந்து வந்தால் தண்ணீர் பச்சையாகும். அந்தக் கலத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை.

அவர் இல்லாமலே தைப்பொங்கல் வந்து போனது. அந்த மலைக்கு இணையம் சரியாக எட்டாததால் போனில் குரல் மட்டும்தான் வரும். குரலைக் கட்டிப்பிடிக்க முடியாது என்பது பெரியவர்களுக்கு ஏனோ ஒரு குறையாகவே தெரியவில்லை.

"எங்கடை கோப்பாய் மண்ணும் சிவப்புத்தானே அப்பா, இஞ்சை நிண்டு அவிச்சால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உதிலை நிக்கல் கிடக்கோ தெரியாது பிள்ளை. கிடந்தால் நான் ஏன் இஞ்சை நிக்கிறன்?" என்று சிரித்தார்.

சிரிப்பு என் காதில் ஏறவில்லை. கிடந்தால் வந்துவிடுவார் என்பது மட்டும் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்காயத் தோட்டத்தில் மண் அள்ளிவந்து அம்மாவிடம் பிரஷர் குக்கரைக் கேட்டேன். ஒரு பிடி அரிசி சிந்தினாலே பின்னேரம் வரைக்கும் புறுபுறுக்கிறவர் அம்மா. அன்றைக்கு அமிலத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, மரத்தில் நின்ற புளிப்புத் தேசிக்காயெல்லாம் ஆய்ந்து தானே பிழிந்து விட்டார். கலியாணத்துக்கு வந்த குக்கர் அது. விசில் அடித்தபோதெல்லாம் செந்தண்ணீர் சீறி அடுப்படிச் சுவரில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அம்மா துடைக்கக்கூட எழும்பவில்லை.

மூடியைத் திறந்தால் சிவப்பு. ஆறவைத்து, துணியில் வடித்து, கோப்பையில் ஊற்றிப் பார்த்தோம். அப்போதும் சிவப்புத்தான். அந்த நேரம் பார்த்து அப்பாவின் அழைப்பு வந்தது. போனை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா நடந்ததையெல்லாம் சொன்னார். "என்ன நிறம்?" என்று அப்பா கேட்டது எனக்கும் கேட்டது.

அம்மா கோப்பையைப் பார்த்தார். "பச்சையாத்தான் கிடக்கு," என்றார். "வந்து பாருங்கோ."

நான் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, சிவப்பு அம்மா, சிவப்பு என்று திருத்திக்கொண்டே நின்றேன். இவ்வளவு வயதாகியும் நிறம் தெரியாத அம்மாவை நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.