நான் மறைத்த நுரை

சபையாருக்கு முன்பாக இரண்டாவது முறை சாட்சி சொல்ல நிற்கிறேன். முதலில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான்.

நான் பசியாவரத்துக்காரி. உப்புத் தண்ணீர் ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது என் தொழில். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் முகம் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. சிறுநீரகத்தில் அழற்சி என்று சென்னை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நீங்கள் எல்லோரும் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். ஈஸ்டருக்குள் வீக்கம் வடிந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதே இடத்தில் நின்று, "கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டார்" என்றேன். அதோடு விட்டேனா? சுகமானவளுக்கு மாத்திரை எதற்கு என்று மிச்சத்தை ஏரியில் எறிந்தேன். யாரும் எறியச் சொல்லவில்லை. அது என் வீராப்பு.

மூன்றாம் வாரம் நுரை திரும்ப வந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் என் சாட்சியைக் கேட்டு, கோட்டைக்குப்பத்திலிருந்தெல்லாம் பெண்கள் ஜெபிக்கச் சொல்லி வந்தார்கள். அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பேன். புடவை என் கணுக்கால் வீக்கத்தை மறைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். காலையில் எழுந்ததும் பயந்து பயந்து குனிந்து பார்ப்பேன். நுரை அடங்குவதற்கு நாளுக்கு நாள் நேரம் கூடியது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடும் ஆண்டவரே என்பதே என் ஜெபம். மழைக்காலம் வரை அதையே ஜெபித்தேன்.

ஒருநாள் நான் படகில் ஏற முடியாமல் தடுமாற, என் ஓர்ப்படி ரோஸி காலைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவள் விரல் அழுந்திய இடம் பள்ளமாகவே நின்றது.

"இன்னாடி இது?"

"ஒண்ணுமில்லக்கா. உப்புத் தண்ணி."

"நானும் அதே தண்ணிலதான நிக்கிறேன். நுரை வருதா?"

அழுதுவிட்டேன். "சாட்சி சொல்லிட்டேனேக்கா."

"கர்த்தருக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எங்களுக்குத்தான் பயந்துகினு இருந்திருக்க."

மறுநாளே பொன்னேரியில் ரயிலேற்றி அதே சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். என் பாதத்தில் மட்டி ஓடு கிழித்து மேடாகிப்போன தழும்பு ஒன்று உண்டு. டாக்டரம்மா அதைத் தொட்டுக் காட்டினார்.

"காயம் பட்டா, வளர்த்து மூடுன்னு உடம்புக்குள்ள ஒரு சைகை போகும்மா. அதக் கொண்டுபோறதுக்கு வளர்ச்சிக் காரணின்னு பேரு. காயம் ஆறினா சைகை நிக்கணும். உங்களுக்கு அழற்சி அடங்கல, அதனால சைகையும் நிக்கல. சிறுநீரகத்துல தழும்பு மேல தழும்பு. தழும்பான எடம் இனிமே வேலை செய்யாது."

நான் ஊரில் தலை நிமிர்ந்து நடந்த மாதங்களில், என் உடம்பே என்னை உள்ளுக்குள் மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பாதி இருக்கு. மாத்திரைய மறுபடியும் நிறுத்தினா அதுவும் போயிடும். அப்புறம் டயாலிசிஸ்தான்."

அந்தக் கட்டிலில் என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, மானம் போகட்டும், மிச்சத்தைக் காத்துக்கொள்ளும் என்றேன்.

காத்துக்கொண்டார். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. இந்த ஈஸ்டருக்கு முன் பார்த்ததில் சிறுநீரில் நுரை வரவைக்கிற புரதம் நன்றாகக் குறைந்திருக்கிறது. பாதி, பாதியாகவே நிற்கிறது. போனது வரவில்லை. வரும் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன்.

உங்களில் யாராவது வெட்கப்பட்டு எதையாவது மறைத்து வைத்திருந்தால், கர்த்தரை நம்பி இன்றைக்கே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் எத்தனை மாதம் அவரைக் கெஞ்சினேன். அந்த ஜெபத்துக்கு அவர் செவிகொடுக்கவே இல்லை. அதற்காகத்தான் இன்று ஸ்தோத்திரம் சொல்ல வந்தேன்.