பூஜ்யம் வரும்வரை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கறார். சொந்த அண்ணனே வைத்த பெயர். மற்ற நான்கு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அண்ணனுடைய கம்பெனி அது. மாடியில் இரண்டு அறை, ஆறு கம்ப்யூட்டர், ஓயாமல் முனகும் ஒரு ஏ.சி. வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். பதினோரு வருடமாக அங்கே பக்கத்துக்கு எலும்புக்கூடான எச்டிஎம்எல் குறியீட்டை எழுதுவது அவள்தான். டேக் என்னும் குறியைத் திறந்தால் மூட வேண்டும், தலைப்பைத் தலைப்பென்றே குறிக்க வேண்டும், நிரப்பும் கட்டம் ஒவ்வொன்றுக்கும் இது பெயர், இது வயது என்று சொல்லும் லேபிளைக் கட்ட வேண்டும். எழுதி முடித்ததும், விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியில் போட்டுப் பார்ப்பாள். பிழை பூஜ்யம் என்று வராமல் எழுந்திருக்க மாட்டாள். இதே சண்டையில் இதற்கு முன் இரண்டு வேலையை உதறியவள்.

இந்த முறை வந்தது ஒரு மருத்துவமனையின் டோக்கன் பதிவுப் பக்கம். கம்பெனிக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. அவள் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில், இழுத்துப் போட்டால் பக்கம் கட்டித்தரும் கருவி ஒன்றை வைத்து அண்ணன் காரியத்தை முடித்துவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அவள் சோதித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிழை.

"ப்ரவுசர்தான் எல்லாத்தையும் சரிக்கட்டிக் காட்டிடுதே. உள்ள எவன் எட்டிப் பார்க்கப் போறான்?" என்றான் அண்ணன்.

"முக்காவாசி பிழை யாரையும் ஒண்ணும் பண்ணாதுண்ணா. மிச்சம் பண்ணும். இந்தக் குப்பைக்குள்ள அந்த மிச்சம் எதுன்னு நீ காட்டு, நான் வாயை மூடிக்கிறேன்."

"நாளைக்கு அவங்ககிட்ட காட்டியாகணும். அங்க வந்து ஏதாவது பண்ணினே, அப்புறம் இந்த ஆபீஸ் படி ஏறாதே."

மறுநாள் மருத்துவமனைக்கே போய் நிர்வாகிக்கு அண்ணன் விலாவாரியாகக் காட்டினான். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைக் கூட எடுத்துவிட்டார். கறார் எழுந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். பிறகு திரையை அணைத்து, கீபோர்டை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"கண்ணு தெரியாதவங்க இப்படித்தான் பதிவு பண்ணுவாங்க. ஒரு டோக்கன் போடுண்ணா."

அண்ணன் தட்டினான். "பட்டன்" என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினான். "பட்டன்." எந்தப் பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அடுத்து "கட்டம்", "கட்டம்" என்றது. பெயரா, வயதா, டாக்டரா? தான் கட்டிய வீட்டிலேயே வாசல் தெரியாமல் முழித்தான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரையைப் போடவில்லை.

"இந்த மாதிரி எத்தனை பேரும்மா எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க? மாசம் நாலு பேர் இருந்தா அதிகம்" என்றார் நிர்வாகி.

"உள்ள வர முடியாதவங்களை எப்படி சார் எண்ணினீங்க?"

அவர் பேனாவை மூடினார். திருத்திக் கொண்டு வாருங்கள், எதற்கும் வேறொரு கம்பெனியையும் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

வெளியே வந்ததும் அண்ணனுக்கு முகம் கடுகடுவென்றிருந்தது. "சொன்னது சொன்னதுதான். உனக்கு இனிமே இங்க வேலை இல்லை."

"சரி" என்றாள். நேராக அலுவலகத்துக்குப் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கட்டிய பக்கத்தைத் திறந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி அண்ணன் வந்து பின்னால் நின்றான். "வேண்டாம்னு சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு உக்காந்திருக்கே?"

"என்னைத்தானே வேண்டாம்னே, போயிடறேன். அதுக்காக அந்தக் கண்ணு தெரியாதவங்களையும் வெளியில நிறுத்திட்டுப் போகணுமா?"

 அண்ணன் நகரவில்லை. அவள் கட்டத்துக்கு லேபிளைக் கட்டிவிட்டு, திரையை அணைத்துத் தட்டிப் பார்த்தாள்.

"நோயாளியின் பெயர்" என்றது கம்ப்யூட்டர்.