ஹந்தானை இறக்கத்தில் ஒரு கொண்டி

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரத்துச் சைக்கிள் கடையொன்றில் சென்ற வாரம் நின்றிருந்தேன். இரத்தத்தில் சீனி ஏறியிருப்பதாகச் சொன்ன வைத்தியர், நடக்க வேண்டும் அல்லது சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றார். நடப்பதில் எனக்கு என்றுமே பெருமை இருந்ததில்லை. புதிய சைக்கிளொன்றை முதலாளி என்முன் நிறுத்தியதும், என் பெருவிரல் என்னைக் கேளாமலே முன் சில்லின் மேற்புறத்துக்குப் போய் எதையோ துழாவியது.

"என்ன சேர் தேடுறீங்க?"

"பிரேக்குக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கொண்டி இருக்குமே."

"அது பழைய மாடல். இது டிஸ்க் பிரேக். அந்தக் கொண்டியெல்லாம் இப்ப வாறதில்ல."

அவர் இயல்பாகத்தான் சொன்னார். ஆனால் கடையின் புது ரப்பர் வாசனை சட்டென்று மாறி, ஈரத் தார்வீதியில் தேய்ந்து சூடேறிய பிரேக் கட்டையின் நாற்றமாக என் மூக்கில் ஏறியது.

அந்த நாற்றத்தை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறுதோறும் அதை முகர்ந்தவர்கள் நாங்கள். எட்டுப் பேர் கொண்ட சிறு சைக்கிள் குழு. விடிந்ததும் நகரத்து வாவிக்கரையில் கூடுவோம். தெல்தெனியப் பக்கம் போகும் நாட்களில் நான் முன்னால் போவேன், ஏனெனில் அந்தப் பாதையில் நீண்ட இறக்கங்கள் உண்டு. ஹந்தானைக்கு ஏறும் நாட்களில் கடைசியாக வருவேன். காரணத்தை என் இடுப்பைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவுவதும், பழைய பற்தூரிகையால் பற்சக்கரங்களைத் தேய்ப்பதும் எனக்கு ஏறக்குறைய வழிபாடு. என் பற்களை அத்தனை சிரத்தையோடு நான் துலக்கியதில்லை என்பாள் என் மனைவி.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அதை ஏற்படுத்தியவர் சிவநேசன் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அலுவலர். வழியில் யாரேனும் சில்லைக் கழற்றிப் பூட்டினால், அதை அவரே சோதிக்கக் கூடாது. இன்னொருவர் முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுழற்றி, பிரேக்கை இறுக்கிப் பார்த்து, 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை ஒருவரும் ஏறுவதில்லை.

"பூட்டினவன்ர கண்ணுக்குப் பிழை தெரியாது" என்பார் அண்ணை. "ஆர் பாத்தது? சொல்லிப்போட்டு ஏறுங்கோ."

ஒருநாள் ஹந்தானை உச்சியில், தேயிலை மலைகளுக்கிடையே தோட்டத் தொழிலாளரின் லயங்களைத் தாண்டியிருந்த தேநீர்க் கடையருகே, ரியாஸின் முன் சில்லில் காற்று இறங்கியது. மருந்துக்கடை நடத்தியவர் ரியாஸ். ஏற்றத்தில் எங்களில் எவராலும் அவரைப் பிடிக்க முடியாது. நான் சொன்ன அந்தக் கொண்டியைத் திறந்தால்தான் பிரேக் கட்டைகள் விலகும். சில்லு வெளியே வரும். திரும்பப் பூட்டியபின் அதை மூட வேண்டும். மூடாவிட்டால் பிரேக் பிடிப்பதுபோல் பாவனை செய்யும், பிடிக்காது.

ரியாஸ் டியூபை மாற்றிச் சில்லைப் பூட்டினார். என் ஒரு கையில் பிளேன் டீ, மறு கையில் பணிஸ்.

"பாருங்க மச்சான், சரியா? இல்லாட்டி பணிஸ முடிச்சிட்டுத்தான் பாப்பீங்களா?" என்றார் ரியாஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். வாய்நிறையப் பணிஸுடன் நானும் சிரித்தேன்.

"ஆர் பாத்தது?" என்றார் அண்ணை.

"நான் பாத்துட்டேன் அண்ணே. சரி" என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

தூறல் தொடங்கியிருந்தது. மூன்றாவது வளைவில் எனக்கு முன்னால் போன ரியாஸ் திரும்பவில்லை. நேராகத் தேயிலைக்குள் போனார். இறக்கத்தில் அவரை அடுத்து வந்தவன் நான், ஆகவே முதலில் ஓடியவனும் நான். அவர் கால்வாய்க்கு அப்பால் தோளைப் பிடித்துக்கொண்டு கண்மூடிக் கிடந்தார். சைக்கிள் இப்பால் கிடந்தது. கொண்டி திறந்திருந்தது.

என் கை அதை மூடியது. இல்லை, நான்தான் மூடினேன். வாக்கியத்தை அப்படி எழுதுவதே முறை. மூடிய பிறகே அவரிடம் போனேன்.

மற்றவர்கள் வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். வாகனத்துக்குக் காத்திருந்த வேளையில், ரியாஸ் நல்ல கையை நீட்டிப் பிரேக்கை இறுக்கினார். அது இறுகப் பிடித்தது. மறுபடி இறுக்கிப் பார்த்தார்.

"பிரேக் நல்லாத்தான் ஈக்கு" என்றார் மெதுவாக. "அப்ப என்ட கைதான் பயந்திட்டு."

தோள் எலும்பு பொருந்திவிட்டது. மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். முன்போலவே எங்களுக்கு முன் உச்சியை அடைந்தார். ஆனால் இறக்கம் தொடங்கும் இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்கள் கீழே வாவியைப் பார்த்தபடி காத்திருப்போம். "ரியாஸ் நானா சைக்கிளுக்கு நடக்கப் பழக்குறாரு" என்று, அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றழைக்கும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள்; நான் மட்டும் குனிந்து என் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்த சங்கிலியை.

ஒரு ஞாயிறு நானும் இறங்கி அவரோடு நடந்தேன். சொல்லிவிடுவது என்றே நடந்தேன். மூன்றாவது வளைவு வந்தது.

"நீங்க ஓடுங்க மச்சான். எனக்காக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறது வெக்கமா ஈக்கு" என்றார்.

"கை பயப்படல்ல, ரியாஸ்" என்று தொடங்கினேன்.

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் நிழலில் நான் ஒதுங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் சைக்கிளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சென்ற ஆண்டு ரியாஸ் நெஞ்சுவலியில் போனார். ஜனாஸா வீட்டு வாசலில் அவருடைய தம்பி என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"நானா எப்பவும் உங்களப் பத்திச் சொல்லுவாரு. விழுந்த அண்டைக்கி மொதல்ல ஓடி வந்தது நீங்கதானாம்."

'ஆமாம்' என்றேன். அதுவும் உண்மைதானே.

சிவநேசன் அண்ணை ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஹந்தானைக்கு ஏறும் இளைஞர்கள் தத்தம் சைக்கிளைத் தாமே பார்த்துக்கொண்டு பறக்கிறார்கள், 'ஆர் பாத்தது?' என்று கேட்க எவருமில்லை. புதிய சைக்கிளை வாங்கிவிட்டேன். அது வாசலறையில் நிற்கிறது. கடந்துபோகும்போதெல்லாம் பெருவிரல் அதன் முன் சில்லுக்கு மேலே போகிறது. மூடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. திறந்து காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. காட்ட வேண்டியவரும் இல்லை.