கலைமதி அழுத டவுன் பஸ்

கலைமதி நாடகம் படிக்கிறாள் என்பது மருங்காபுரியில் யாருக்கும் தெரியாது. எம்.ஏ. படிக்கிறாள் என்று மட்டும் தெரியும். என்ன எம்.ஏ. என்று கேட்டவர்களுக்கு அவளுடைய அப்பா வீரமலை, "டீச்சர் வேலைக்கு உள்ளதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் சொல்லிவைத்தது அவ்வளவுதான்.

வீரமலைக்கு நாடகம் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் வைக்க வீடு வீடாகப் போய் வரி வசூல் செய்வதே அவர்தான். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தால் விடிகிறவரை அசைய மாட்டார். பபூன் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பார். நன்றாகப் பாடும் நடிகைக்கு மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். மறுநாள் காலையில் தெருவில் ஒரு பெண் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டால் போதும், "நாடகக்காரி மாதிரி என்ன பேச்சு?" என்று அதட்டுவார். நம்மூரில் கலையை வளர்ப்பவர்கள் எல்லோருமே அடுத்த வீட்டுப் பெண்ணை வைத்துத்தான் வளர்க்கிறார்கள்.

நான் இளவரசன், லால்குடிக்காரன். கலைமதியோடு ஒரே வகுப்பில் படித்தேன். எனக்கு வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்கவில்லை, அதனால் நாடகத்துக்கு வந்தேன். அவள் கிடைத்த இடங்களையெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவள். இதை அவள் சொன்னபோது எனக்கு அவள் புத்தியின் மேல் சந்தேகமே வந்தது.

திருச்சிக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அதில் கேன்டீன்காரர்கள் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் எங்கள் துறை இருந்தது. துறைத்தலைவர் அன்புச்செல்வன் சார். இளமையில் ஒரு பயிலரங்குக்காகப் போலந்து நாட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தவர். அங்கிருந்து அவர் இன்னும் திரும்பி வரவில்லை. உடம்பு மட்டும் திருச்சியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. "போலந்துல ஒரு நடிகன் மூணு நாள் நாற்காலியாவே இருந்தான்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நாங்களும் நாற்காலியாக வேண்டியதுதான்.

முதல் செமஸ்டர் முழுக்க மரமாக நின்றோம். இரண்டாவதில் மிருகமானோம். மூன்றாவதில் ஒருவழியாக மனிதர்களானோம், அதுவும் வாய் திறக்காத மனிதர்கள். வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். கறுப்பு உடை, சிவப்பு விளக்கு, நடுவில் ஒரு வெள்ளைத் துணி. கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டே துணியைக் கிழிப்போம். என்ன துணி, ஏன் கிழிக்கிறோம் என்பதெல்லாம் நாடகம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில் தெரியவரும். அது நாடகத்தைவிட நீளமாகப் போகும். பார்க்க வருகிறவர்கள் வேறு ஊர் நாடகக்காரர்கள். அவர்கள் துணி கிழிக்கும்போது நாங்கள் போய் உட்கார்ந்திருப்போம். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான் இதுவும்.

இந்தக் கூத்தை எங்களில் ஒருத்தி மட்டும் மனதார நம்பினாள். ஒத்திகைக்கு முதலில் வருபவள் கலைமதி. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவளும் அவள்தான். நிலக்கடலைக் காட்டின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு. சாருக்கு அது ஆகாது. "சத்தத்தைக் குறைம்மா. இது வயக்காடு இல்ல" என்பார். அதனாலேயே அவளுக்குப் பேசும் வேடம் வந்ததில்லை. மரம், சுவர், பிணம் என்று கொடுத்ததை எல்லாம் செய்தாள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "இதுல உனக்கு என்னதான் இருக்கு?"

"ஊருல நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் பதில் தெரிஞ்சிருக்கும். இங்க நான் என்ன பேசப்போறேன்னு எனக்கே தெரியாது. அது நல்லாருக்கு, இளவரசா."

அவளுக்கு நாங்கள் வசனமே கொடுத்ததில்லை என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசி செமஸ்டர் தொடங்குவதற்குள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமன் மகன் ரெங்கராஜ். விராலிமலையில் போர்வெல் லாரி வைத்திருப்பவர். தை மாதம் முகூர்த்தம். கல்யாணமான பெண் திருச்சிக்குப் போய்வருவது சரிப்படாது, படித்தவரை போதும் என்று மாமன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். சித்திரை வரை பொறுத்தால் படிப்பு முடிந்துவிடும். அந்த நான்கு மாதத்தைக் கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அப்படி என்ன படிப்பு என்ற பேச்சு வரும். பேச்சு வந்தால் குட்டு உடையும். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, துறைக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து எங்களோடு சுவராக நின்றாள். எனக்கு அன்று யார் மேல் கோபம் என்றே தெரியாமல் கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சார் எங்களுக்கு மறைவு அரங்கு என்ற பாடத்தைக் கொடுத்தார். பொது இடத்தில் நாடகம் நடக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது நாடகம் என்றே தெரியக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விதி. என்ன ஆனாலும் நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. போலந்தில் ஒருவன் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோதும் வெளியே வரவில்லையாம்.

"கல்யாணம் வேண்டாம்னு வீட்ட விட்டு வர்ற பொண்ணு, சார்" என்றாள் கலைமதி.

சார் முகத்தைச் சுளித்தார். பழைய விஷயம் என்றார். ஆனால் மற்றவர்கள் சொன்னவை இன்னும் மோசமாக இருந்ததால் ஒத்துக்கொண்டார். நான் அவளுடைய அண்ணன். ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் அவளைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று இழுக்க வேண்டும். பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்தும் பார்க்காதமாதிரி இருப்பார்கள். அதுதான் நாடகத்தின் பொருள். 'மௌனச் சமூகம்' என்று ஒரு கட்டுரைக்குச் சார் தலைப்பே வைத்து, முடிவுரையையும் எழுதி வைத்துவிட்டார். பஸ்ஸுக்குப் போய் மௌனத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். மார்கழிக் கூட்டம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் பஸ்ஸில் முக்கால்வாசி பெண்கள். சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் நான் கலைமதியின் கையைப் பிடித்தேன்.

"ஏய், வீட்டுக்கு வாடி."

"வரமாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அவள் அழத் தொடங்கினாள். அடுத்த வசனத்துக்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முன் சீட்டில் பூண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பினார். பாலக்கரை சாரா பீவி என்று பிறகு தெரிந்தது.

"தம்பி, கைய எடு. எடுன்னேன்ல."

"நான் அவ அண்ணங்க."

"அண்ணன்னா? கைய ஒடிச்சிடுவியா?"

நெற்றியில் திருமண் இட்ட ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "மார்கழி மாசமும் அதுவுமா பெண் குழந்தையை அழவிடலாமோ? பெருமாளுக்கே அடுக்காது. ஏண்டாப்பா, வேண்டாங்கறாளே, அதுக்கு மேல என்ன கேள்வி?"

கண்டக்டர், "வண்டிய ஸ்டேஷனுக்கு விடவா?" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று விசாரித்தாள். இன்னொருத்தி கலைமதிக்குத் தண்ணீர் கொடுத்தாள். எழுந்து இடம் கொடுத்தார்கள். மௌனத்தைத் தேடி நாங்கள் ஏறிய பஸ்ஸில் வாய் மூடியிருந்தவர் ஒருவரும் இல்லை.

"இவன்கிட்ட என்ன பேச்சு? உன் பேரையும் அப்பா நம்பரையும் சொல்லும்மா" என்று பெரியவர் போனை எடுத்தார்.

அவள் சொன்னாள். நிஜமான பெயரையும் நிஜமான நம்பரையும். விதிப்படி பாத்திரத்தை விட்டு வர முடியாது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான் என்று பிறகு சொன்னாள். மருங்காபுரியில் போன் அடித்தது. பெரியவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க பொண்ணு கலைமதி டவுன் பஸ்ல அழுதுண்டு நிக்கறா. கல்யாணத்துல இஷ்டமில்லையாமே?"

"எம் பொண்ணா? அது காலேஜுல இருக்குங்களே."

"அப்பா" என்றாள் கலைமதி. எங்கள் நாடகத்தில் மாப்பிள்ளைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வேறு. "எனக்கு ரெங்கராஜ் மாமாவக் கட்டிக்க இஷ்டமில்லப்பா. நான் படிப்ப முடிக்கணும்பா." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அந்தக் குரலை யார் குறைக்க முடியும்?

"இத பஸ்ஸுல வச்சா பேசுவ? நாலு பேரு காதுல விழப்போவுது, போன வை."

"நாலு பேரு இல்லண்ணே, பஸ்ஸே கேட்டுக்கிட்டிருக்கு" என்றார் சாரா பீவி. "பெத்த புள்ள மனசக் கேக்காம என்னண்ணே கல்யாணம்?"

வீரமலை பாவம், மருங்காபுரிக் காட்டில் தனியாக நின்றுகொண்டு ஒரு பஸ்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "சரிங்க. நிறுத்திப்புடுறேங்க. மொதல்ல புள்ளைய பத்திரமா எறக்கி விடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். "இதை அவ அண்ணாகிட்டயும் சொல்லிடுங்கோ" என்றார் பெரியவர்.

"எந்த அண்ணனுங்க? எனக்கு ஒத்தப் பொண்ணுதானுங்களே!"

பஸ் என் பக்கம் திரும்பியது. முதல் அறை சாரா பீவியுடையது. விதியாவது ஒன்றாவது என்று நான் கத்தினேன்: "நாடகம்ங்க! இது நாடகம்ங்க! சார், சொல்லுங்க சார்!"

சார் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கட்டுரைக்கு வேண்டிய மௌனம் அந்தச் சீட்டில் கிடைத்தது.

"என்கூடப் படிக்கிற பையன், விட்டுடுங்க" என்று கலைமதி கெஞ்சித்தான் என்னை மீட்டாள். ராஜகோபுரத்துக்கு எதிரே இறங்கியதும் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மதிப்பீடு சொன்னார். அவருக்குத் திருப்தி இல்லை. "பிரச்சினையத் தீர்த்துட்டாங்களே! தீர்ந்துட்டா அது அரங்கு இல்ல." என் கன்னம் வீங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் வீரமலை வந்துவிட்டார். நான் கத்திய 'நாடகம்' என்ற சொல் போனில் அவர் காதில் விழுந்திருந்தது. துறை வாசலில் ஒரு முதலாண்டு மாணவன் கையைத் தூக்கிக்கொண்டு மரமாக நின்றான். அவனிடம் வழி கேட்டார். மரம் பதில் சொல்லவில்லை. அவராக உள்ளே வந்து, கறுப்பு உடையில் நின்ற எங்களையும் எங்களுக்கு நடுவில் மகளையும் பார்த்தார். என்ன படிக்கிறாள் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது.

புகார் நிர்வாகம் வரை போய்விடுமோ என்று சாருக்கு நடுக்கம். ஓடிவந்து நாற்காலி போட்டார். "ஐயா, பயப்படாதீங்க. அது பரீட்சை. எல்லாம் நடிப்பு. உங்க மக அபாரமான நடிகை." ஒன்றரை வருடத்தில் அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுதான்.

வீரமலையின் முகம் தெளிந்தது. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவரைப்போல மூச்சு விட்டார். "அப்ப அழுதது சும்மாவா? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல தாயீ. நாடகம் கீடகம் எல்லாம் இருக்கட்டும், அத வீட்டுல போயிப் பேசிக்கலாம். கல்யாணத்துல இஷ்டந்தானே?"

அவள் ஆமாம் என்றால் எல்லோரும் தப்பித்துவிடலாம். சார் தப்பிப்பார், அப்பாவின் மானம் தப்பும், நானும் தப்புவேன். சொல்லிவிடு என்று சார் அவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். எனக்கோ சொல்லிவிடாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. நேற்று கத்தியதோடு என் தைரியம் தீர்ந்திருந்தது.

"நடிப்பு இல்லப்பா" என்றாள் கலைமதி. "நெசமாத்தான் அழுதேன். எனக்கு இஷ்டமில்ல."

வீரமலை கோபப்படுவார், கையை ஓங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். நாங்கள் அத்தனை பேர் சுற்றி நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"மச்சான், கல்யாணத்த நிறுத்திக்குவோம். புள்ளைக்கு இஷ்டமில்ல... ஆமா, கேட்டுட்டேன்... இல்ல மச்சான், எங்கிட்ட சொல்லல. எங்கிட்டயும் அவ ஆத்தாகிட்டயும் தலையத்தான் ஆட்டுச்சு." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "டவுன் பஸ்ஸுல வந்தவங்ககிட்டதான் மச்சான் சொல்லியிருக்கு."